இறந்தவருக்கு அனுமதி இல்லை

அக்கா உயிரோடு இருந்தவரை அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள். இறந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்களோ, "எவ்வளவு அனுசரணையான மனுஷி" என்றார்கள். வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அனுசரணைக்கும் என் அக்காவுக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்: அவள் பிடிவாதக்காரிதான். செத்துப்போய்விட்டாள் என்பதற்காக அவளை நல்ல பிள்ளையாக மாற்றுவதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

அவளுக்கு ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. கணினிப் பிரிவு என்றதும் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் நினைவுக்கு வரலாம். இது மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை. கூரை சரிந்து இறங்கும். உயரமானவர்கள் உள்ளே போய் நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். இரண்டு மேசைகள். ஒன்று அக்காவுடையது. மற்றது, கேபிள் இழுப்பது, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவது போன்ற வேலைகளைப் பார்ப்பவருடையது. அவரை மருத்துவமனை முழுக்க 'ஒயர்' என்றுதான் கூப்பிடும். ஒயர், அக்காவைப் 'பூட்டக்கா' என்பார். சீக்கிரமே எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. "கதவுன்னு இருந்தா பூட்டுன்னு ஒண்ணு வேணும்ல" என்பாள்.

அந்த மருத்துவமனையில் நோயாளியின் பெயர் பதிவு, பரிசோதனை, மருந்து, பில் எல்லாமே ஒரே மென்பொருளில் நடந்தன. வேலைக்குப் புதிதாகச் சேர்கிற யாரும் முதலில் அக்காவிடம் வர வேண்டும். அவருக்கு ஒரு லாகின் திறப்பாள். எதைப் பார்க்கலாம், எதில் எழுதலாம், எதற்கு ஒப்புதல் தரலாம் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பாள். வேலையை விட்டுப் போகிறவர்களின் லாகினை மூடுவாள். என்ன வேலை இது என்று நான் ஒருமுறை கேட்டபோது சொன்னாள்:

"வீட்டுக்கு வர்றவங்க ஹால்ல உட்காரலாம். கொஞ்சம் வேண்டியவங்கன்னா சமையலறை வரைக்கும் வரலாம். பீரோவத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்டி."

"பீரோவத் திறந்தா?"

"திறந்தது யாருன்னு தெரியணும்."

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஆளுக்கொரு லாகின் வைத்திருந்தாள். என் கணவர் ஏதோ ஒரு விளையாட்டை இறக்கப் பார்த்து முடியாமல், "ஏங்க்கா, என் வீட்டுல எனக்கே அனுமதி இல்லையா?" என்று கேட்டார். "போன தடவை வைரஸை விருந்துக்குக் கூப்பிட்டது யாரு மாப்பிள்ளை?" என்று அவள் திருப்பிக் கேட்க, மனுஷர் டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர் தன் பாஸ்வேர்டை அடிக்கும்போது நாற்காலியை முழுதாகத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். ஓரக்கண்ணால்கூடப் பார்க்க மாட்டாள். தலைமை மருத்துவர் வந்தாலும் அப்படித்தான், துப்புரவுப் பணிக்கு வந்தவர் வந்தாலும் அப்படித்தான். "அட, நீங்க பார்த்தா என்னக்கா" என்று ஒரு செவிலியர் சொன்னதற்கு, "நான் பார்த்துட்டா அது உன்னோடது இல்ல, நம்மளோடது" என்றாளாம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நாற்காலியின் முதுகு உரசி உரசி அந்த இடத்தில் சுவரின் பெயிண்ட் உதிர்ந்திருந்தது.

இப்படிப்பட்டவளுக்கு அந்த மருத்துவமனையின் மருந்தகம் தொண்டையில் சிக்கிய முள்.

மருந்தகத்தில் ஒரு பெரிய மருந்தாளர் இருந்தார். மாத்திரை அட்டைகளை வெட்டுவதற்கென்று மேசைக்காலில் நூலால் கட்டிய கத்தரிக்கோல் வைத்திருப்பார். யார் இரவல் கேட்டாலும் நூல் எட்டுகிற தூரத்துக்குத்தான் கொடுப்பார். அக்கா அங்கே சேர்வதற்கு முன்பே அவருக்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டிருந்தார்கள். மருந்து வேண்டும் என்று கேட்பதும் அவரே, சரி என்று ஒப்புதல் தருவதும் அவரே. ஒருநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே விழுந்து இறந்துபோனார். சம்பளப் பிரிவு அந்த மாதமே சம்பளத்தை நிறுத்தியது. கத்தரிக்கோலை ஒரு உறையில் போட்டு அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். லாகினை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த மருத்துவமனையில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. நல்ல அனுமதிகள் உள்ள லாகின் என்றால், ஆள் போனாலும் அதை நாற்காலி மாதிரி அடுத்தவருக்குக் கைமாற்றுவார்கள். பெரிய மருந்தாளரின் பாஸ்வேர்டு எழுதிய துண்டு, கீபோர்டுக்கு அடியில் டேப்பால் ஒட்டியிருந்தது. காலையில் முதலில் வருகிறவர் அதைப் பார்த்து அடித்துத் திறப்பார். அதன்பின் மருந்தகத்தில் இருக்கிற எல்லோரும் மாலைவரை அவர் பெயரிலேயே வேலை செய்வார்கள். தூக்க மாத்திரை கொடுத்தாலும் அவர், வலிக்கு ஊசி கொடுத்தாலும் அவர். அக்கா மூடச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் நிர்வாக அதிகாரி, "புது ஆள் வரட்டும்மா" என்றார். புது ஆள் வந்தார், அவரும் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏன் இதை விடமாட்டேங்கறாங்கன்னு தெரியுதா?" என்று அக்கா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "வேகமா நடக்குதுன்னு சொல்றாங்க. அது பொய். ஏதாவது தப்பா போச்சுன்னா, செத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாதுல்ல. அதான் வசதி."

பிறகு அந்த மதியம் வந்தது. இதை நான் அக்கா சொல்லியும் ஒயர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதிலும் வித்தியாசமில்லை.

பெரிய மருந்தாளரின் மனைவி முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார். சன்னலில் இருந்தவர் மருந்துப் பொட்டலத்தோடு அச்சடித்த சீட்டையும் நீட்டினார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டி, மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று பார்க்கச் சீட்டைப் படித்தார். கீழே 'மருந்து வழங்கியவர்' என்ற இடத்தில் அவர் கணவரின் பெயர், அன்றைய தேதியுடன்.

அவர் சன்னலருகே திரும்பிப் போய்ச் சீட்டில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "இவர் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

சன்னலில் இருந்தவருக்கு முன்னால் நீண்ட வரிசை. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "உள்ள இருப்பாரும்மா. கொஞ்சம் உட்காருங்க."

அந்த அம்மா உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சன்னலை மூடினார்கள். வரிசை கலைந்தது. அந்த வழியாகப் போன அக்கா, காலி வராந்தாவில் ஒரே ஒருவர் மூடிய சன்னலைப் பார்த்தபடி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். அந்த அம்மாவை அவளுக்குத் தெரியும். இறுதிச் சடங்குக்குப் போயிருந்தாள்.

"என்னம்மா இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"உள்ள இருக்காராம். உட்காரச் சொன்னாங்க." சீட்டைக் காட்டினார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "இல்லன்னு எனக்குத் தெரியும்மா. நான்தானே அனுப்பி வச்சேன். ஆனா உட்காருன்னு சொன்னப்புறம் எந்திரிச்சுப் போக மனசு வரல."

அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். பின்னாலேயே போன ஒயர் கதவருகே நின்றுகொண்டார். சீட்டை மேசைமேல் வைத்தாள்.

"இன்னைக்கு மூடறேன் சார்."

அவர் படித்துவிட்டு, "ச்சே, பாவம்" என்றார். "அந்தம்மா வந்தா மட்டும் கையால எழுதிக் குடுக்கச் சொல்லிடலாம்."

"அந்தம்மாவுக்காக மட்டும் இல்ல சார்."

"ஒரு பேருதானேம்மா. பேர் இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"அது அவரோட பேரு. அவரு குடுக்காத மருந்துக்கு அவரு பேரு எதுக்கு?"

"இதப் பாருங்க. பார்மசி ஒரு மணி நேரம் நின்னாலும் உங்க தலையிலதான் விழும். நான் சொல்லாம எதையும் மூடக் கூடாது."

"சரி சார். அதை எழுதிக் குடுத்துடுங்க. 'இறந்தவர் பெயரிலேயே தொடர்ந்து மருந்து வழங்கலாம்'னு ஒரு வரி, கீழ உங்க கையெழுத்து. மூடவே மாட்டேன்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடியும் மூடினார். அக்கா அதுவரை நின்றுகொண்டிருந்துவிட்டு வெளியே வந்தாள்.

அவள் ஆத்திரத்தில் எதையும் செய்கிறவள் இல்லை. முதலில் மருந்தகத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக லாகின் திறந்தாள். ஒருவர் கேட்டால் இன்னொருவர்தான் ஒப்புதல் தர வேண்டும் என்று அமைத்தாள். ஒவ்வொருவராக மாடிப்படிக்கு அடியில் வந்து பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போனார்கள். இவள் ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கடைசியாக மருந்தகத்தின் பொறுப்பில் இருந்த பெண்மணி வந்தார். வரும்போதே சண்டைக்குத் தயாராக வந்தார்.

"அப்ப இனிமே எல்லாம் என் பேர்லதான் வருமா?"

"நீங்க குடுத்தா உங்க பேர்லதான் வரும்."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"உங்களைக் கேப்பாங்க. நீங்க பதில் சொல்லுவீங்க. உங்களுக்கு வாய் இருக்குல்ல? அவருக்கு இல்ல."

பொறுப்பாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தார். அவர் படியேறிப் போன பிறகு அக்கா பெரிய மருந்தாளரின் பெயரைத் தேடி எடுத்தாள். மூடு என்று அழுத்தினால் மென்பொருள் காரணம் கேட்கும். காட்டிய காரணங்களில் ராஜினாமா இருந்தது, இடமாற்றம் இருந்தது, ஓய்வு இருந்தது, பணிநீக்கம்கூட இருந்தது. இறப்பு இல்லை. அங்கே யாரும் சாக மாட்டார்கள் என்று நினைத்து வைத்ததுபோல.

"ஓய்வுன்னு போடு பூட்டக்கா. அவரும் ஓய்வுலதானே இருக்காரு" என்றார் ஒயர்.

"வாய மூடுங்க."

அமைப்புகளுக்குள் போய்ப் புதிதாக ஒரு காரணத்தைச் சேர்த்தாள்: இறப்பு. அதைத் தேர்ந்தெடுத்து மூடினாள்.

மருந்தகம் நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரமே அக்காவை வரவேற்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். புது நோயாளிகளுக்கு அட்டை அச்சடிக்கிற வேலை. மாடிப்படி அறையில் அவள் மேசைமேல் துடைப்பங்களையும் பினாயில் கேன்களையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், லாகின் திறக்க அவளைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. ஒயருக்கு வேலை தெரியும், ஆனால் தன் பெயரில் அந்த அனுமதியை வாங்கப் பயம். ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்கள் வரவேற்பில் நோயாளிகளோடு வரிசையில் நின்று லாகின் வாங்கிப் போனார்கள். "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அக்கா கேட்க, "எனக்கு ஒண்ணும் செய்யல மேடம், நான் புது எக்ஸ்ரே டெக்னீஷியன்" என்று ஒருவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் நான்தான் பொறுக்கமாட்டாமல், "ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிட்டா பழைய இடம் கிடைக்கும்ல" என்றேன்.

"எதுக்கு சாரி?"

"சும்மா ஒப்புக்கு."

"ஒப்புக்குச் சொல்ற சாரியும் என் பேர்லதானேடி பதிவாகும்."

அவள் சாரி சொல்லவில்லை. அவர்களும் உத்தரவை ரத்து செய்யவில்லை. வரவேற்பில் இரட்டை வரிசை நின்று கூச்சல் அதிகமானபோது, ஒருநாள் அவளே போய்த் துடைப்பங்களை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துடைப்பங்கள் கடைசிவரை அங்கேயேதான் இருந்தன.

நோயைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அதற்கு அவள் கொடுத்த இடமே கொஞ்சம்தான். அறுவை சிகிச்சைக்கு விடுப்பில் போவதற்கு முன், லாகின் திறக்கவும் மூடவுமான அனுமதியை ஒயருக்கும் கொடுத்துவிட்டு வந்தாள். தன் போனில் என் விரல் ரேகையைப் பதியவைத்தாள். "இதுல உனக்கு எல்லாமே திறக்கும். ஆபீஸ் மட்டும் திறக்காது. அது உனக்கு இல்ல." வலி அதிகமான ஒரு நாளில், உன் பாஸ்வேர்டு என்னதான் என்று பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன். கண்ணை மூடியபடியே, "திரும்பிக்கோ, சொல்றேன்" என்றாள். திரும்பிக்கொண்டேன். சொல்லவில்லை. தூங்கிப்போயிருந்தாள்.

அதன்பின் ஒரு வாரம்கூட அவள் இருக்கவில்லை.

அவளுடைய அடையாள அட்டையை ஒப்படைக்க நான் மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் எனக்கு முன்னால் ஒரு இளம் செவிலியர், அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு தன் வார்டு எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். லாகின் திறந்ததும் அச்சடித்துக் கொடுக்கிற தாள் அது. எனக்கு அதைத் தெரியும். அக்கா கைப்பையில் கசங்கிய பிரதிகள் எப்போதும் இருக்கும். கீழே 'அனுமதி வழங்கியவர்' என்ற இடத்தில் என் அக்காவின் பெயர். அன்றைய தேதி.

கைகால் நடுங்கியது என்றெல்லாம் எழுத மாட்டேன். எனக்குக் கோபம் வந்தது.

நிர்வாக அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அக்காவின் அனுசரணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் இடைமறித்து, "இன்னைக்கு அவ பேர்ல லாகின் திறந்திருக்கீங்க. எப்படி?" என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்து அவள் பாஸ்வேர்டை மாற்றி வாங்கியிருக்கிறார். ஒயர் தன் பெயரில் திறக்கத் தயங்கினாராம். "மாசக் கடைசி வரைக்கும்தான்மா. புது ஆள் வந்துட்டா..."

"அந்த மருந்தாளருக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

"நீங்க துக்கத்துல பேசறீங்க. எனக்குப் புரியுது. ஆனா இது ஆபீஸ் விஷயம். நீங்க ஸ்டாஃப் இல்ல. இதுல உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நான் தங்கச்சி. அவ உள்ள இருக்கான்னு சொல்லுங்க, இங்கேயே உட்கார்ந்துக்கறேன். வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

அவர் அறைக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அக்காவின் பெயரைச் சொன்னேன். இன்றைக்கு லாகின் திறந்து கொடுத்திருக்கிறாள், உள்ளேதான் இருக்க வேண்டும் என்றேன். கேட்டவர்கள் முகம் வெளுத்து நகர்ந்தார்கள். மருந்தகப் பொறுப்பாளர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு வேலை இருந்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை.

கடைசியில் ஒயர் வந்தார். கழுத்தில் ஒரு சுருள் கேபிள் தொங்கியது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "தங்கச்சி, வா" என்றார்.

நிர்வாக அதிகாரி கதவருகே வந்துவிட்டார். "ஒயர், நான் சொல்லாம நீங்க எதையும்..."

"எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றார் ஒயர். "நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன் அன்னைக்கு. ஒரு வரிதான். எழுதிக் குடுங்க, மூடல."

அதிகாரியின் சட்டைப்பையில் பேனா இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மாடிப்படி அறையில் பினாயில் வாசனை. ஒயர் துடைப்பங்களை ஒதுக்கி, அக்காவின் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். தன் மேசையில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டு அடிக்க விரலைத் தூக்கியவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். பெயிண்ட் உதிர்ந்த இடம் எனக்கு எதிரே இருந்தது. உள்ளே பழைய பச்சை நிறம் தெரிந்தது.

விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது.

"காரணம் கேக்குது" என்றார்.

"இருக்கே. அவளே சேர்த்து வச்சிருக்காளே."

ஒரு தட்டல். நான் உடனே திரும்பவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று விட்டேன். எனக்கும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

"மூடியாச்சு" என்றார். "அந்தப் புது நர்ஸுக்குத் தாளை மாத்திக் குடுக்கணும். இனிமே எல்லாம் என் பேர்ல வருமே, தங்கச்சி."

"நீங்க குடுத்தா உங்க பேர்லதான் வரும்" என்றேன்.